டி.வி-யைக் காத்திருக்க வைத்த மனிதர்! - அகியோ மொரிட்டாவின் கதை

மேட்ச்சில் கடைசி ஓவர். ஆறு பந்தில் ஒன்பது ரன் வேணும். அந்த நேரம் பார்த்து காலிங் பெல் அடிக்கிறது. ரிமோட்டில் பாஸ் பட்டனை அழுத்திவிட்டு எழுந்துபோய், கூரியர்காரருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். பந்துவீச்சாளர் ஓடிவந்த அதே இடத்தில் உறைந்து நிற்கிறார். பட்டனை மறுபடி தட்டியதும், அவர் பந்தை வீசுகிறார்.

நேரலையையே நிறுத்திவைக்கும் இந்த வித்தையைச் செய்வது டி.வி.ஆர். அதாவது, டிஜிட்டல் வீடியோ ரெக்கார்டர். செட்டாப் பாக்ஸோடு சேர்ந்தே வருவதால், அது ஒரு தனிக் கருவி என்பதே பலருக்கு மறந்துபோய்விட்டது. சீரியல், மேட்ச், பழைய படம் என எதையும் பதிவு செய்யலாம். எப்போது தோணுதோ, அப்போது பார்க்கலாம். இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கத் தோணும்.

ஆனால், டி.வி நிகழ்ச்சியை வீட்டில் பதிவுசெய்து வேறொரு நேரத்தில் பார்க்க நமக்கு உரிமை உண்டா என்று அமெரிக்க நீதிமன்றங்கள் ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக விவாதித்தன. அந்த வழக்கில் ஒரு பக்கம் நின்றது, ஜப்பானைச் சேர்ந்த ஒரு கம்பெனி. அதன் தலைவர், அகியோ மொரிட்டா. சோனியின் இணை நிறுவனர், வாக்மேனை உலகுக்குத் தந்தவர் என்றெல்லாம் அவரைத் தெரிந்திருக்கும். நம் வீட்டு டி.வி-யின் கடிகாரத்தை நம் கையில் கொடுத்தவரும் அவர்தான். அந்தக் கதை கொஞ்சம் குறைவாகவே பேசப்பட்டிருக்கிறது.

காத்திருப்பதே தொழிலாக இருந்த வீடு

1921-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி, ஜப்பானின் நகோயா நகரத்தில் பிறந்தார் மொரிட்டா. சாக்கே என்ற அரிசி மது, சோயா சாஸ், மிசோ என்ற சோயா விழுது... இவற்றைத் தயாரிப்பதுதான் குடும்பத் தொழில். கொசுகயா என்ற கடலோரக் கிராமத்தில் சில நூறு ஆண்டுகளாக நடந்துவந்த தொழில் அது. நான்கு பிள்ளைகளில் மூத்தவரான அகியோ, அந்தக் குடும்பத்தின் 15-வது தலைமுறை வாரிசு.

மிசோவையும் சோயா சாஸையும் அவசரப்படுத்த முடியாது. அண்டாவில் போட்டு மூடிவைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருந்தது. அகியோவின் வாழ்க்கைக்கும் சேர்த்துத்தான். பத்து வயது தாண்டியதுமே அப்பா அவரை அலுவலகத்துக்கு அழைத்துப்போய், கூட்டங்களில் பக்கத்தில் உட்காரவைப்பார். நிர்வாகிகள் கணக்கு ஒப்பிப்பதை, பையன் கால் வலிக்க உட்கார்ந்து கேட்க வேண்டும். நீ முதலாளியாகப் பிறந்தவன் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள்.

பையனின் மனசோ வேறு இடத்தில் இருந்தது. அம்மாவுக்கு மேற்கத்திய இசை என்றால் உயிர். வீட்டில் கையால் சுற்றும் கிராமபோன் இருந்தது. பிறகு மின்சாரத்தில் ஓடும் புது போனோகிராப் ஒன்று வந்தது. அதே இசைத்தட்டு, அதே பாட்டு. ஆனால், வந்த சத்தம் வேறு. ஒரு கருவி மாறினால் இவ்வளவு மாறுமா என்று அதிசயித்த பையன், அன்றிலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகளைக் கரைத்துக் குடிக்க ஆரம்பித்தான்.

ரேடியோ ஒன்றைச் செய்தான். போனோகிராப் ஒன்றையும் செய்தான். அடுத்து, குரலைப் பதிவுசெய்யும் கருவியைச் செய்யப்போகிறேன் என்று பியானோ கம்பியை வாங்கிவந்து மல்லுக்கட்டினான். ஒரு வருஷம் போராடியும் பலிக்கவில்லை. அதற்குள் வகுப்பில் கடைசி வரிசைக்குப் போயிருந்தான். பிறகு சுதாரித்து, ஒரு வருஷம் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து, மேல்நிலைப் பள்ளியில் இடம்பிடித்து, ஒசாகா இம்பீரியல் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 1944-ல் வெளியே வந்தான். கம்பியோடு போராடிய அந்த ஒரு வருஷம் வீண்போகவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

வாணலியில் வறுத்த டேப்

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் கடற்படையில் சேர்ந்த மொரிட்டா, ஓர் ஆய்வுக் குழுவில் மசாரு இபுகா என்ற பொறியாளரைச் சந்தித்தார். இபுகா இவரைவிட 12 வயதுக்கும் மேல் மூத்தவர். வயது வித்தியாசத்தைத் தாண்டி இருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

போர் முடிந்தது. டோக்கியோ சாம்பல் மேடாகக் கிடந்தது. 1946 மே மாதம் 7-ம் தேதி, இருவரும் சேர்ந்து டோக்கியோ சுஷின் கோக்யோ என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். சுமார் 20 ஊழியர்கள். மூலதனம் 1,90,000 யென். மொரிட்டாவுக்கு அப்போது வயது 25.

அதற்கு முன்னால் ஒரு சம்மதம் வாங்க வேண்டியிருந்தது. மூத்த மகன் குடும்பத் தொழிலை விட்டுப்போவது அந்தக் கால ஜப்பானில் லேசான விஷயமில்லை. இபுகாவே ரயிலேறி கொசுகயாவுக்குப் போய், மொரிட்டாவின் அப்பாவிடம் பெண் கேட்பதுபோல மகனைக் கேட்டார். 15 தலைமுறை வரிசை அங்கே அறுபட வேண்டும். கோபப்படுவார் என்று எதிர்பார்த்த அப்பா, மகனுக்கு எது பிடிக்கிறதோ அதையே செய்யட்டும் என்று விட்டுக்கொடுத்தார். குடும்பத் தொழிலைத் தம்பி எடுத்துக்கொண்டார். அதோடு, தடுமாறிய கம்பெனிக்கு அப்பாவே பலமுறை கடனும் கொடுத்தார். அந்தக் கடன்தான் பிறகு பங்குகளாக மாறியது.

அமெரிக்கப் படையினரிடம் இருந்த ஒரு டேப் ரெக்கார்டரை இபுகா பார்த்துவிட்டு வந்ததும், நாமும் இதைச் செய்தே தீரணும் என்று முடிவானது. கருவியைச் செய்துவிடலாம். டேப்புக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் கிடைக்காத காலம். காகிதத்தை நீளநீளமாக வெட்டி ஒட்டினார்கள். அதன்மேல் பூச காந்தப் பொடி வேண்டும். ரசாயனத்தை வாணலியில் போட்டுக் கிளறி, நிறம் மாறும் பக்குவத்தில் இறக்கினார்கள். அந்தப் பொடியைக் குழைத்து, மென்மையான விலங்கு முடியில் செய்த தூரிகையால் கையாலேயே பூசினார்கள். சமையலறைப் பக்குவத்தில் பிறந்த டேப் அது!

1950-ல் ரெக்கார்டர் சந்தைக்கு வந்தது. ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் எடை. விலை ஒன்றரை லட்சம் யென்னுக்கும் மேல். அன்றைக்கு ஒரு தொழிலாளிக்கு மாதச் சம்பளம் பத்தாயிரம் யென்கூடக் கிடையாது. எல்லோரும் ஆச்சர்யமாகப் பார்த்தார்கள். வாங்கத்தான் யாரும் வரவில்லை.

ஒருநாள் பழம்பொருள் கடை ஒன்றைக் கடந்துபோனார் மொரிட்டா. உள்ளே ஒருவர் பழைய ஜாடி ஒன்றை, ரெக்கார்டரைவிட அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார். மொரிட்டாவுக்கு அங்கே ஒரு விஷயம் பொறிதட்டியது. அந்த ஜாடி எதற்கு மதிப்பானது என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. ரெக்கார்டரால் தனக்கு என்ன பயன் என்று யாருக்கும் தெரியவில்லை. பொருளைச் செய்தால் மட்டும் போதாது, அது எதற்கு என்று புரியவைப்பதும் தன் வேலைதான் என்று முடிவெடுத்தார். சுருக்கெழுத்தாளர்கள் கிடைக்காமல் திண்டாடிய நீதிமன்றங்களுக்குப் போய் விளக்கினார்கள். விற்றது. அடுத்து பள்ளிக்கூடங்கள். அங்கேயும் விற்றது.

25 ஆண்டுகள் கழித்து வீடியோ ரெக்கார்டரை விற்கும்போது மொரிட்டாவுக்குக் கைகொடுத்தது இந்தப் பாடம்தான்.

சொந்தப் பெயர் வேணும்

நடுவில் நடந்ததெல்லாம் வேகமான கதை. 1955-ல் டிரான்சிஸ்டர் ரேடியோ. அதே ஆண்டு அமெரிக்காவின் புலோவா கம்பெனி ஒரு லட்சம் ரேடியோ கேட்டது. ஒரே நிபந்தனை, அவர்கள் பெயரைத்தான் போட வேண்டும். தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ளச் சொல்லியும் மொரிட்டா மறுத்துவிட்டார். 1958-ல் கம்பெனியின் பெயரே சோனி என்று மாறியது. 1960-ல் அமெரிக்கக் கிளை தொடங்கப்பட்டது.

1963-ல் மனைவி யோஷிகோ, மூன்று குழந்தைகளோடு நியூயார்க்கில் வீடெடுத்துக் குடியேறினார் மொரிட்டா. அமெரிக்கர்களுக்கு விற்க வேண்டும் என்றால், அவர்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிப் பொழுதைப் போக்குகிறார்கள் என்று உள்ளே இருந்து பார்க்கணும் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆண்டு அப்பா இறந்துபோகவே, ஜப்பான் திரும்ப வேண்டியதாயிற்று. அமெரிக்க வாழ்க்கையைப் பார்த்த அந்தக் கண் மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

கடிகாரம் யாருடையது?

டி.வி நிகழ்ச்சியை டேப்பில் பதிவது புதிய விஷயமில்லை. அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் கம்பெனி 1956-லேயே வீடியோ ரெக்கார்டரைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால், அது டி.வி நிலையங்களுக்கானது. அலமாரி சைஸ், அரண்மனை விலை. அதே ஆண்டு நவம்பரில் சி.பி.எஸ் நிறுவனம், நியூயார்க்கில் ஒளிபரப்பான செய்தியைப் பதிவுசெய்து, நேர வித்தியாசம் உள்ள மேற்குக் கடற்கரை மக்களுக்குச் சில மணி நேரம் தள்ளிக் காட்டியது. அதாவது, நேரத்தைத் தள்ளிவைக்கும் அதிகாரம் அப்போதே இருந்தது. அது நிலையத்தின் கையில் மட்டும் இருந்தது.

வீட்டில் இருப்பவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இரவு எட்டு மணிக்கு என்றால் எட்டு மணிக்குத்தான். சமையல் ஆகலையா, குழந்தை அழுதா, அலுவலகத்தில் வேலை முடியலையா... யார் கேட்டார்கள்? தவறவிட்டால் தவறவிட்டதுதான். ஒரே நேரத்தில் இரண்டு சேனல்களில் பிடித்த நிகழ்ச்சி வந்தால், ஒன்றைத் தியாகம் செய்ய வேண்டும்.

மொரிட்டாவுக்கு இது நெருடியது. பத்திரிகையை யாரும் இந்த மணிக்குத்தான் படிக்கணும் என்று சொல்வதில்லை. வாங்கி வைத்துவிட்டு, நமக்கு ஒழியும்போது புரட்டுகிறோம். டி.வி மட்டும் ஏன் மக்களின் மாலைப் பொழுதை அப்படியே பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும்? டி.வி-யும் பத்திரிகை மாதிரி ஆக வேண்டும் என்பது அவருடைய நிலைப்பாடு. அதற்கு அவர் வைத்த பெயர், டைம் ஷிஃப்ட்.

சோனியின் பொறியாளர்களிடம் இபுகா பாக்கெட் சைஸ் புத்தகம் ஒன்றைக் காட்டி, கேசட் இந்த அளவுக்கு இருக்கணும் என்றார். அதிலிருந்து பிறந்ததுதான் பீட்டாமேக்ஸ். 1975 மே மாதம் ஜப்பானில் வெளியானது. விலை 2,29,800 யென். ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம் பதிவுசெய்யலாம். அதே ஆண்டின் இறுதியில் அமெரிக்காவுக்கும் போனது.

மறுபடி அந்தப் பழைய ஜாடிப் பாடம். இது எதற்கு என்று மக்களுக்குத் தெரிய வேண்டுமே! துப்பறியும் தொடர்களான கோஜாக், கொலம்போ இரண்டுமே அப்போது அமெரிக்காவில் சக்கைப்போடு போட்டன. ஒன்றைப் பார்ப்பதற்காக இன்னொன்றை இனி தவறவிட வேண்டாம் என்று விளம்பரம் செய்தது சோனி. படித்த மாத்திரத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

யாருக்குப் புரியக் கூடாதோ, அவர்களுக்கும் புரிந்துவிட்டது.

விருந்து மேஜையில் வந்த சேதி

அந்த இரண்டு தொடர்களையும் தயாரித்தது யுனிவர்சல் ஸ்டூடியோ. 1976-ல் அதன் உயர் நிர்வாகிகளோடு வேறொரு வியாபாரம் பேச உட்கார்ந்திருந்தார் மொரிட்டா. பேச்சு முடிந்து இரவு விருந்து. அங்கே நிர்வாகிகள் மெதுவாக விஷயத்தை எடுத்தார்கள். பீட்டாமேக்ஸ் எங்கள் காப்புரிமையை மீறுகிறது, நிறுத்தாவிட்டால் வழக்குப் போடுவோம் என்றார்கள்.

மொரிட்டாவால் நம்பவே முடியவில்லை. ஒரு கையால் கைகுலுக்கிக்கொண்டே மறு கையால் அடிப்பது ஜப்பானிய வழக்கமில்லை, நட்பாக வியாபாரம் பேசியவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னார். அந்தக் கணிப்பு பொய்த்தது. 1976 நவம்பரில் யுனிவர்சலும் டிஸ்னியும் சேர்ந்து வழக்குத் தொடர்ந்தன.

சோனி மட்டுமில்லை, ரெக்கார்டரை விற்ற கடைகள், விளம்பர ஏஜென்சி, பீட்டாமேக்ஸ் வாங்கிய சாதாரண வீட்டுக்காரர் ஒருவர் எனப் பலர் பிரதிவாதிகள் ஆனார்கள். அந்த வீட்டுக்காரரிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. அவர் சம்மதத்தோடுதான் பெயரைச் சேர்த்திருந்தார்கள். ஆனாலும், வழக்கின் சாரம் அந்த ஒரு பெயரில் இருந்தது. தன் வீட்டு ஹாலில் டி.வி நிகழ்ச்சியைப் பதிவுசெய்து மறுநாள் பார்ப்பவர், திருடரா?

ஒரு மணி நேரமா, இரண்டு மணி நேரமா?

கோர்ட்டில் ஒரு சண்டை நடக்க, கடைத்தெருவில் இன்னொரு சண்டை ஆரம்பித்தது. 1976 இலையுதிர் காலத்தில் ஜே.வி.சி கம்பெனி வி.ஹெச்.எஸ் என்ற போட்டி ரெக்கார்டரை இறக்கியது. அதன் கேசட்டில் இரண்டு மணி நேரம் பதியலாம்.

இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் வீட்டு நியாயம் இருந்தது. ஒரு சினிமா, விளம்பரத்தோடு சேர்த்து ஒரு மணி நேரத்தில் முடியாது. அமெரிக்கக் கால்பந்து மேட்ச் மூன்று மணி நேரம் போகும். பாதியில் எழுந்துவந்து கேசட் மாற்ற வேண்டும் என்றால், நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது எப்படிப் பதிவாகும்? நேரத்தை மக்களுக்குத் திருப்பித் தருவேன் என்றவரின் கேசட்டில் நேரம் போதவில்லை! சோனி சீக்கிரமே இரண்டு மணி நேரத்துக்கு நீட்டித்தது. அதற்குள் எதிர்முகாம் நான்கு மணி நேரத்துக்குப் போய்விட்டது.

வி.ஹெச்.எஸ் பக்கம் மாட்சுஷிட்டா போன்ற பெரிய கம்பெனிகள் அணி சேர்ந்தன. விலை குறைந்தது, கடைகளில் வி.ஹெச்.எஸ் கேசட்டுகள் குவிந்தன. மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு குடும்பமாக வளர நாங்கள் போதிய முயற்சி எடுக்கவில்லை என்று மொரிட்டா பின்னாளில் ஒப்புக்கொண்டார். 1988-ல் சோனியே வி.ஹெச்.எஸ் ரெக்கார்டர்களைத் தயாரிக்கத் தொடங்கியது. கடைத்தெருச் சண்டையில் அது தோல்வி. அதில் மறுபேச்சில்லை.

ஐந்துக்கு நான்கு

கோர்ட்டில் கதை மேலும் கீழுமாகப் போனது. 1979-ல் மாவட்ட நீதிமன்றத்தில் சோனிக்குச் சாதகமான தீர்ப்பு. 1981-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாகத் திருப்பியது. வீட்டில் பதிவுசெய்வது காப்புரிமை மீறல், கருவியைச் செய்தவர்தான் பொறுப்பு என்றது. அந்தத் தீர்ப்பு நிலைத்திருந்தால், ரெக்கார்டர் என்ற பொருளே வேறு மாதிரி ஆகியிருக்கும். ஒன்று விற்பனைக்குத் தடை, இல்லையென்றால் ஒவ்வொரு கருவிக்கும் ஸ்டூடியோக்களுக்குக் கப்பம்.

வெளியே அனல் பறந்தது. 1982-ல் ஹாலிவுட் தயாரிப்பாளர்கள் சங்கத் தலைவர், வீடியோ ரெக்கார்டரைத் தொடர் கொலைகாரன் ஒருவனோடு ஒப்பிட்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்பு பேசினார். அதே வழக்கில் இன்னொரு குரலும் பதிவாகியிருந்தது. குழந்தைகளுக்கான டி.வி நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ரோஜர்ஸ், தன் நிகழ்ச்சியைப் பெற்றோர் பதிவுசெய்து, குடும்பமாகச் சேர்ந்து உட்கார நேரம் கிடைக்கும்போது பார்ப்பதில் தனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை என்று சாட்சியம் சொன்னார்.

உச்ச நீதிமன்றம் ஒருமுறைக்கு இருமுறை வாதங்களைக் கேட்டது. 1984 ஜனவரி 17-ம் தேதி தீர்ப்பு வந்தது. ஐந்து நீதிபதிகள் சோனி பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு ஓட்டு! இரு தரப்பும் நடத்திய சர்வேக்களிலுமே, மக்கள் ரெக்கார்டரை முக்கியமாகப் பயன்படுத்துவது நேரம் தள்ளிப் பார்ப்பதற்குத்தான் என்று தெரிந்திருந்தது. அது நியாயமான பயன்பாடு என்றது தீர்ப்பு. மொரிட்டாவின் டைம் ஷிஃப்ட் என்ற கருத்து சட்டத்தின் பக்கத்தில் ஏறியது.

வேடிக்கை என்னவென்றால், பயந்து வழக்குப் போட்ட ஹாலிவுட், அதன் பிறகு வீடியோ கேசட் விற்றே கொழித்தது. 1989-ல் கொலம்பியா பிக்சர்ஸ் ஸ்டூடியோவை 340 கோடி டாலருக்கு சோனி வாங்கியது. ரெக்கார்டர் செய்தவரே படமும் எடுக்க வந்துவிட்டார்.

தனக்கென நேரம் இல்லாதவர்

உலகத்துக்கெல்லாம் நேரத்தைத் தள்ளிவைக்கக் கற்றுக்கொடுத்தவர், தன் நேரத்தை எப்படி வைத்திருந்தார்?

ஒரு வருஷத்துக்கும் மேல் முன்கூட்டியே குறிக்கப்பட்ட காலண்டர். ஒரு நாடு முடிந்தால் அடுத்த நாடு. 50 வயதைத் தாண்டிய பிறகு டென்னிஸ், 60 வயதில் பனிச்சறுக்கு, அதற்கும் பிறகு ஆழ்கடல் நீச்சல் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். எதையும் அப்புறம் பார்த்துக்கலாம் என்று ஒதுக்கத் தெரியாத மனிதர். 1993-ன் இறுதியில் இரண்டு மாதங்களுக்குள் அமெரிக்காவின் பல நகரங்கள், பிரிட்டன், பார்சிலோனா, பாரிஸ் என்று சுற்றியிருந்தார். ஜப்பானின் மிகப்பெரிய தொழில் கூட்டமைப்புக்கு அவர்தான் அடுத்த தலைவர் என்ற பேச்சும் பலமாக இருந்தது.

1993 நவம்பர் 30-ம் தேதி காலை, டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. வயது 72. மேடையில் நின்றால் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளருக்குப் பேச்சு போனது. சக்கர நாற்காலியே துணையானது. 1994 நவம்பரில் சோனி தலைவர் பதவியிலிருந்து விலகினார். உடல் தேற ஹவாயில் நெடுநாள் தங்கினார்.

இபுகாவுக்கும் அதற்கு முந்தைய ஆண்டுதான் பக்கவாதம் வந்திருந்தது. வாணலியில் காந்தப் பொடி வறுத்த காலத்திலிருந்து ஒன்றாக நின்ற இரண்டு பேரும், கடைசி ஆண்டுகளைச் சக்கர நாற்காலியில் கழித்தார்கள். 1997 டிசம்பரில் இபுகா போனார். 1999 அக்டோபர் 3-ம் தேதி, டோக்கியோ மருத்துவமனையில் நிமோனியாவால் மொரிட்டா காலமானார். வயது 78.

அவர் பார்க்காத பெட்டி

அதே 1999-ல்தான் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டி.வி என்ற இரண்டு பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. வீட்டு டி.வி-க்கான முதல் டி.வி.ஆர்-கள்! உள்ளே கேசட் கிடையாது, கம்ப்யூட்டரில் இருப்பதுபோன்ற ஹார்டு டிஸ்க். டிவோவின் ஆரம்ப மாடலில் 14 மணி நேரம் பதியலாம். மொரிட்டாவைத் தோற்கடித்த அந்த ஒரு மணி நேரப் பஞ்சம் ஒரேயடியாகத் தீர்ந்தது. அடுத்த ஆண்டே சோனியும் டிவோ தொழில்நுட்பத்தில் ஒரு டி.வி.ஆர் வெளியிட்டது.

கேசட்டால் முடியாத ஒன்றை ஹார்டு டிஸ்க் செய்தது. ஒரு பக்கம் எழுதிக்கொண்டே இன்னொரு பக்கம் படித்துக் காட்டும். நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும், ஓடிக்கொண்டிருக்கும் சேனலின் கடைசி சில நிமிடங்களைப் பெட்டி தானாகச் சேமித்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் நேரலையை நிறுத்தவும் பின்னோக்கிப் போகவும் முடிகிறது. தொடரின் பெயரை ஒருமுறை சொல்லிவைத்தால், ஒவ்வொரு எபிசோடையும் அதுவே தேடிப் பதிந்துகொள்ளும். டைமர் வைக்கத் தெரியாமல், முன்பக்கக் கடிகாரம் 12:00 என்று மின்னிக்கொண்டே இருந்த வி.சி.ஆர் காலம் முடிந்தது. இந்தியாவுக்கு இந்த வசதி 2008-ல் டாடா ஸ்கை ப்ளஸ் வழியாக வந்தது.

உங்க வீட்டுப் பெட்டிக்குச் சில விஷயங்கள்

மொரிட்டா வாங்கிக்கொடுத்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

* மேட்ச், நேரலை விருது விழா போன்றவை குறித்த நேரத்தில் முடியாது. பதிவு முடியும் நேரத்தை அரை மணி, ஒரு மணி நேரம் கூட்டிவையுங்கள். கடைசி ஓவர் தப்பாது.

* ஹெச்.டி-யில் பதிந்தால் இடம் சீக்கிரம் நிரம்பும். நிரம்பினால் பல பெட்டிகள் பழைய பதிவைத் தானாகவே அழித்துவிடும். அழியக் கூடாததை 'கீப்' அல்லது 'லாக்' செய்துவையுங்கள்.

* பெரும்பாலான செட்டாப் பாக்ஸ்களில் பதிந்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். பெட்டி பழுதானாலோ, சந்தாவை நிறுத்தினாலோ பதிவுகளும் கைவிட்டுப் போகலாம். புதுப் பெட்டி மாற்றும் முன் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்துவிடுங்கள்.

அந்த மூன்றாவது விஷயம்தான் யோசிக்கவைக்கிறது. பீட்டாமேக்ஸ் கேசட் உங்களுடையது. அலமாரியில் வைத்தால் அங்கேயே இருக்கும். நண்பருக்குக் கொடுக்கலாம், பத்து வருஷம் கழித்தும் போட்டுப் பார்க்கலாம். ஹார்டு டிஸ்க்கில் இருப்பது பாதிதான் உங்களுடையது. இன்று செயலிகளில் பார்ப்பதோ முழுக்க வாடகை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்தான், ஆனால் நேற்று இருந்த படம் இன்று பட்டியலில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எத்தனை மணிக்குப் பார்ப்பது என்பதை முடிவுசெய்யும் உரிமை நம்மிடம் வந்துவிட்டது. எத்தனை நாள் அது இருக்கும் என்பதை முடிவுசெய்யும் உரிமை மெல்ல மறுபடி அவர்கள் கைக்கே போய்க்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. டி.வி.ஆர் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், பார்க்காத பதிவுகளின் பட்டியல் எப்படி நீண்டுகொண்டே போகும் என்று. அப்புறம் பார்க்கலாம், லீவுல பார்க்கலாம் என்று சேர்த்துவைத்தவை. நிகழ்ச்சியை எத்தனை மாதம் வேண்டுமானாலும் தள்ளிவைக்கலாம். சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியவர்களை அப்படித் தள்ளிவைக்க முடியாது. இந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியலைத் திறந்து, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து போட்டுவிடுங்கள்.